விதி என்று சொல்லும்போதெல்லாம் நாம் தத்துவம்தான் பேசுகிறோம்

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "தத்துவம் எல்லாம் படித்தவர்கள், நேரம் இருப்பவர்கள் பேசுகிற விஷயம். காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய், மாசக் கடைசியில் கடன் தவணை கட்டிவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற ஆளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. அதில் கொஞ்சம் கோபமும் தெரிகிறது, அதுவும் நியாயம்தான். தத்துவம் என்ற பேரில் மேடைகளில் பேசப்படுவதில் பெரும்பங்கு, வசதியாக வாழ்கிறவர்கள் வசதி இல்லாதவர்களுக்குச் சொல்லும் பொறுமைப் பாடம். அந்தச் சரக்கு யாருக்கும் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு.

ஆனால் தத்துவம் எங்கோ வெளியே இருக்கிறது, வேண்டுமானால் போய் எடுத்து வரலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று கேள்வி எடுத்துக்கொள்கிறது. நடைமுறை அப்படி இல்லை. ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். "நம்ம கையில என்ன இருக்கு?" என்பார் ஒருவர். "சட்டப்படி சரிதான், ஆனா நியாயம் இல்லையே" என்பார் இன்னொருவர். "நல்லவனுக்குக் காலம் இல்லப்பா" என்று ஒரு பெரியவர் முடித்து வைப்பார். முதலாவது, மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்ற கேள்விக்கு ஒரு பதில். இரண்டாவது, எழுதிய சட்டத்துக்கு மேலே ஓர் அளவுகோல் இருக்கிறது என்ற கொள்கை. சட்டத் தத்துவத்தில் இன்றுவரை தீராத வழக்கு அது. மூன்றாவது, அறத்தோடு நடப்பதற்கும் நன்றாக வாழ்வதற்கும் தொடர்பு இல்லை என்ற முடிவு. இந்த மாதிரி முடிவுகளை வைத்துத்தான் பெண்ணை மேலே படிக்க வைப்பதா, அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் கோர்ட்டுக்குப் போவதா, அப்பாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதா என்பதெல்லாம் வீட்டில் தீர்மானமாகிறது. சாதாரண மனிதரிடம் தத்துவம் நிறையவே இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம்தான் குறைவு.

இது படித்தவர்களின் தனிச்சொத்து என்ற எண்ணமும் பிற்பாடு வந்ததுதான். ஏதென்ஸ் நகரச் சந்தைவெளியின் ஓரத்தில் சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் கடை இருந்ததாகவும், சாக்ரடீஸ் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவார் என்றும் பழைய கிரேக்க நூல் ஒன்று சொல்கிறது. கடந்த நூற்றாண்டில் அந்த இடத்தைத் தோண்டியபோது ஒரு வீட்டில் செருப்புக்கு அடிக்கும் இரும்பு ஆணிகள் நிறையக் கிடைத்தன. கூடவே 'சைமனுடையது' என்று கீறிய ஒரு கோப்பையின் அடிப்பாகமும் கிடைத்தது. அதே சைமன்தானா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தோல் வெட்டிக்கொண்டே துணிவு என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று வாதம் செய்வதில் அந்த ஊருக்கு எந்த வியப்பும் இருந்திருக்கவில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். மணிமேகலையின் முதல் காதையில் புகார் நகரில் இந்திர விழா அறிவிக்கப்படுகிறது. யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஊருக்கே சொல்லும் அறிவிப்பு. தெருவில் புது மணல் பரப்புங்கள், பழைய மணலை மாற்றுங்கள் என்ற வரிசையில் இதுவும் வருகிறது: "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்". வாதம் செய்ய வல்லவர்கள் மேடைக்கு வாருங்கள் என்று முரசறைந்து கூப்பிடுகிறார்கள். அடுத்த வரியில், பகைவர்களே ஆனாலும் அவர்களோடு கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. திருவிழாவில் தேர் எப்படியோ அப்படி வாதமும் ஊருக்குப் பொது. இன்று நாம் பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் பார்க்கும் பட்டிமன்றத்துக்குப் பேர் அங்கிருந்துதான் வந்தது. பேர் வந்த அளவுக்கு விஷயம் வரவில்லை என்பது என் வருத்தம்.

சரி, பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: விதி. தமிழ் வீடுகளில் இதைவிட அதிகம் புழங்கும் தத்துவச் சொல் இல்லை. தலையெழுத்து, ஊழ், கர்மா, நேரம், கொடுப்பினை என்று அதற்குப் பல பேர்.

ஒரு துக்க வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். இருபத்து நாலு வயதுப் பையன், பைக் விபத்து, ஹெல்மெட் போடவில்லை. வண்டியின் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்திருக்கிறது. வெளியே உட்கார்ந்திருக்கும் ஆண்களில் ஒரு சின்னப் பையன் மெதுவாகச் சொல்கிறான்: "போட்டிருந்தா பிழைச்சிருப்பான்ணே." பக்கத்தில் இருக்கும் பெரியவர் உடனே: "அட போப்பா, ஹெல்மெட் போட்டவன் எவனும் சாகலையா? விதி முடிஞ்சா வீட்டுல படுத்திருந்தாலும் போகும்." நாலு தலைகள் ஆடுகின்றன. பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. அதே கூட்டம் சாயங்காலம் ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது.

பெரியவர் சொன்னது ஒரு முழு வாதம். பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்: நீ பிழைக்க வேண்டும் என்று விதி இருந்தால், என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பிழைப்பாய். சாக வேண்டும் என்று இருந்தால், என்ன செய்தாலும் சாவாய். ஆகவே எதையும் செய்வதில் பயன் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கர்கள் இதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்: சோம்பேறி வாதம். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நோயாளி. குணமாக வேண்டும் என்று விதித்திருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும், அப்புறம் வைத்தியர் எதற்கு? நம் பெரியவரின் பேச்சு அப்படியே அங்கே இருக்கிறது.

இதற்குப் பதில் சொன்னவர் கிறிசிப்பஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தவர். பதிலின் அழகு என்னவென்றால், விதியை முழுசாக நம்புகிறவர் சொன்ன பதில் அது. ரோம எழுத்தாளர் சிசரோ எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. சாரம் இவ்வளவுதான்: எல்லாம் விதிப்படி என்றால், முடிவு மட்டும் தனியாக விதிக்கப்பட்டிருக்காது, அந்த முடிவுக்குக் கொண்டுபோகும் வழியும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கும். நீ குணமாவது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதிக்குள் ஒரு கண்ணி. கிரேக்கக் கதையில் வரும் அரசன் லாயஸுக்கு மகன் பிறப்பான் என்று விதி இருந்ததாம். அதற்காக மனைவியோடு சேராமலேயே மகன் பிறந்துவிடுவானா?

ஆகவே விதியை நம்புகிறவர்கூட "ஹெல்மெட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்" என்று சொல்ல முடியாது. அவருடைய நம்பிக்கையே அதற்கு இடம் தரவில்லை. ஹெல்மெட் போட்டவர்களும் சாகத்தான் செய்கிறார்கள். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மோட்டார் சைக்கிள் விபத்தில் சாகும் வாய்ப்பை அது சுமார் 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்தது. விதியை நம்பு, நம்பாமல் போ, ஹெல்மெட் பெல்ட்டைத் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டு நம்பு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல அந்தப் பெரியவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு தத்துவப் பிழை உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

"அதான் வள்ளுவரே ஊழைப் பற்றிச் சொல்லியிருக்காரே" என்று ஒருவர் கேட்பார். சொல்லியிருக்கிறார். "ஊழிற் பெருவலி யாவுள" என்பது 380-ஆம் குறள். ஊழைவிட வலிமையானது எது, அதை விலக்க வேறு வழி தேடினாலும் அதுவே முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார். ஆனால் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், 620-இல், "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறார். சோர்வில்லாமல் தாழாமல் முயல்கிறவர்கள் ஊழையே முதுகு காட்டி ஓட வைப்பார்களாம். பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்று ஆசிரியரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து, தத்துவம் தொடங்க இதைவிட நல்ல இடம் பள்ளிப் புத்தகத்தில் இல்லை.

மோதலைத் தீர்க்க உரைகாரர்கள் பல வழி பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி, இரண்டுக்கும் நடுவே அதே அதிகாரத்தில் இருக்கும் இன்னொரு குறள். "பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி" (618). நல்ல நேரம் அமையாதது யாருக்கும் அவமானம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு முயலாமல் இருப்பதுதான் அவமானம். இங்கே வள்ளுவர் உலகம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எதற்கு நாம் வெட்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வந்துவிடுகிறார். பிளஸ் டூவில் மார்க் குறைந்த பிள்ளையின் முன்னால் நிற்கும் அப்பாவுக்கு இந்த ஒரு குறள் போதும். 'நீ உழைத்தாயா?' என்பது கேட்க வேண்டிய கேள்வி. உழைத்தும் வரவில்லை என்றால் அங்கே பழி இல்லை. அடுத்த குறளே "மெய்வருத்தக் கூலி தரும்" என்று முடிகிறது.

கிட்டத்தட்ட இதே கோட்டை ரோமப் பேரரசில் ஓர் அடிமை போட்டார். எபிக்டீட்டஸ், அவரும் ஸ்டோயிக் வழிக்காரர்தான். இன்றைய துருக்கியில் இருக்கும் ஹீராப்போலிஸில் பிறந்தவர், பேரரசர் நீரோவின் அதிகாரி ஒருவருக்கு அடிமை, கால் ஊனம். விடுதலை ஆனபின் ரோமில் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை வெளியேற்றியபோது நிக்கோப்போலிஸுக்குப் போய் அங்கே பள்ளி வைத்தார். தானாக ஒரு வரியும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எடுத்த குறிப்புகள்தான் நமக்கு மிச்சம். சில விஷயங்கள் நம் வசம், சில நம் வசம் இல்லை என்றுதான் அவருடைய கையேடு ஆரம்பிக்கிறது. நம் கருத்து, ஆசை, வெறுப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பது நம் வசம். உடம்பு, சொத்து, ஊரார் பேச்சு, பதவி ஆகியவை நம் வசம் இல்லை. உடம்பே தனக்குச் சொந்தம் இல்லாமல் வாழ்ந்தவர் சொன்னது என்பதால்தான் இது இத்தனை நூற்றாண்டாக எடுபடுகிறது.

அதே கையேட்டில் இன்னொரு வாக்கியம் உண்டு: மனிதர்களைக் கலங்க வைப்பவை நிகழ்ச்சிகள் இல்லை, அந்த நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்கள். 1950-களில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எடுத்து ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். 1960-களில் ஆரன் பெக் தன் வழியில் சிந்தனைச் சிகிச்சையை உருவாக்கினார். அதன் தத்துவ வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனநல ஆலோசகரிடம் போனால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறையைத்தான் பயன்படுத்துவார்கள். வேலை செய்யும் விதம் எளிது. வெளியூரில் இருக்கும் மகன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுக்கவில்லை. இது நிகழ்ச்சி. "ஏதோ ஆகிப்போச்சு" என்பது எண்ணம். நெஞ்சு படபடப்பது அதன் விளைவு. அம்மாவுக்கு முதலாவதிலிருந்து மூன்றாவது நேரே வந்த மாதிரி இருக்கும்; நடுவில் ஓர் எண்ணம் இருந்ததே தெரியாது. அந்த நடு எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, வேறு எதற்கெல்லாம் போன் எடுக்காமல் இருப்பான் என்று யோசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அடிமை ஒருவரின் தத்துவம் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு வரை வந்துவிட்டது. பிரயோஜனம் எங்கே என்று கேட்டவருக்கு இதுவும் ஒரு பதில்.

இப்போது அந்தத் துக்க வீட்டுக்கு உள்ளே போவோம். பையனின் அம்மா. "நான்தான் அன்னிக்கு அவனைக் கடைக்குப் போகச் சொன்னேன், நான் சொல்லாம இருந்திருந்தா..." என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னம்மா பண்ணுவ, அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்.

அதே சொல். வெளியே பெரியவர் சொன்னது பிழை என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். உள்ளே அத்தை சொன்னதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். கிறிசிப்பஸை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறவனுக்குத் தத்துவமும் தெரியாது, மனிதரையும் தெரியாது. அத்தை அங்கே உலகம் இயங்கும் விதம் பற்றிக் கொள்கை எதுவும் பேசவில்லை. நடந்ததன் பாரத்தைத் தாயின் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார். உன்னுடைய அந்தச் சின்னச் சொல்லில் இவ்வளவு பெரிய விளைவு அடங்கியிருக்கும் என்று உனக்குத் தெரிய வழியில்லை, ஆகவே பழி உன்னுடையது இல்லை என்பதுதான் அதன் பொருள். 618-ஆம் குறளின் முதல் பாதியும் அதுதான். பொறியின்மை யார்க்கும் பழியன்று.

ஆகவே ஒருவர் விதி என்று சொல்லும்போது, அது உண்மையா பொய்யா என்று பாய்வதற்கு முன், அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். முடிந்துபோனதைப் பற்றித் தன் துயரத்தோடு பேசுகிறவர் சொன்னால் ஒரு வேலை. இன்னும் செய்ய வேண்டியது பாக்கி இருக்கும்போது சொன்னால் வேறு வேலை. தவணைத் தடுப்பூசி, சர்க்கரை மாத்திரை, மார்பில் கட்டி தெரிந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தள்ளிப்போடுவது என்று இந்த இரண்டாவது வேலையில் எத்தனை வீடுகள் இழந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது ஒரு வேலை இருக்கிறது. மற்ற இரண்டைவிட அதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து விதி என்று சொல்வது.

37-ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை." ஒருவன் பல்லக்கில் உட்கார்ந்து போகிறான், இன்னொருவன் தோளில் சுமக்கிறான். பரிமேலழகர் உரைப்படி, அறத்தின் பயன் இது என்று நூல் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை, இந்த இரண்டு பேரையும் பார்த்தாலே தெரியும். அதாவது முன்செய்த வினைதான் ஒருவனை மேலேயும் ஒருவனைக் கீழேயும் வைத்தது. பிற்காலத்தில் சிலர் நேர் எதிராகப் படித்தார்கள்: சுமப்பவனையும் ஊர்பவனையும் காட்டி, அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே. ஏழு சீர்தான். எந்த உரையை எடுக்கிறோமோ அதற்கேற்ப நாளைக்குக் காலையில் தெருக் கூட்டுகிறவரை நாம் பார்க்கும் பார்வை மாறும். என் சாய்வு இரண்டாவது பக்கம். காரணம் இலக்கணத்தில் இல்லை. இதே வள்ளுவர் 1062-இல், பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்று ஒருவனுக்கு இருக்குமானால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். பசித்தவனைப் பார்த்து உன் வினை என்று சொல்லி நகர்கிற மனசு அப்படிச் சபிக்காது.

இன்னும் தெளிவாக இதைச் சொன்னவர் கணியன் பூங்குன்றனார். புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் வரியை ஐ.நா. சபை வரைக்கும் கொண்டுபோய்விட்டோம். ஆனால் அந்தப் பாட்டு பதின்மூன்று வரி. நடுவில் அது விதியைப் பற்றிய பாட்டு. மலையிலிருந்து கற்களை மோதிக்கொண்டு இறங்கும் பேராற்றில் நீரின் போக்கில் போகும் மிதவை போல, அரிய உயிர் முறைவழியே போகும் என்கிறார். விதியை அவர் முழுசாக ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு என்ன முடிவுக்கு வருகிறார் என்பதுதான் முக்கியம்: ஆகலின், "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." அந்த "ஆகலின்" என்ற சொல்லில் வாதம் நிற்கிறது. எல்லாரையும் ஆறுதான் கொண்டுபோகிறது என்றால், மேலே போனவன் தன் பெருமையால் போகவில்லை, கீழே கிடப்பவன் தன் குற்றத்தால் கிடக்கவில்லை. ஆகவே வியக்கவும் ஒன்றுமில்லை, இகழ அதைவிட ஒன்றுமில்லை.

நாமோ அதே விதியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறோம். பணம் வந்தவனைப் பார்த்தால் "புண்ணியம் பண்ணியவன்", இல்லாதவனைப் பார்த்தால் "போன ஜென்மத்துப் பாவம்". அதிலும் தனக்கு நல்லது நடந்தால் 'என் உழைப்பு', அடுத்தவனுக்கு நடந்தால் 'அவன் நேரம்'. ஒரே கொள்கையை ஆளுக்கு ஏற்ப மாற்றிப் பிடிப்பதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாம். தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கலாம்.

பிறப்பை வைத்து மேல் கீழ் சொன்னவர்களிடம் சிவவாக்கியர் கேட்டதும் அந்த வகைக் கேள்வி. "இறைச்சிதோல் எலும்பினும் இலக்கமிட்டு இருக்குதோ?" சதையிலும் தோலிலும் எலும்பிலும் எண் குத்தியிருக்கிறதா, காட்டு. படிப்பு வாசனை இல்லாத ஆளுக்கும் ஒரு தடவை கேட்டால் புரியும். பதில் சொல்ல முடியாமல் திணறுவது படித்தவர்தான்.

இங்கே ஸ்டோயிக் பக்கம் திரும்பி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்போது இணையத்தில் எபிக்டீட்டஸும், ஸ்டோயிக் வழியில் எழுதிய ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் நன்றாக ஓடுகிறார்கள். "மாற்ற முடியாததை ஏற்றுக்கொள்" என்ற வரி கம்பெனிப் பயிற்சி வகுப்புகளிலும் வந்துவிட்டது. மூன்று மாசமாகச் சம்பளம் வராத தொழிலாளியிடம் "உங்கள் மனநிலையை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும்" என்று சொல்வது தத்துவம் ஆகாது. எது நம் வசம், எது நம் வசம் இல்லை என்ற கோடு நல்ல கோடுதான். அதை யார் போடுகிறார்கள், போடுவதால் யாருக்கு லாபம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. பெரியம்மை வந்த வீட்டில் வேப்பிலை செருகி, அம்மன் வந்திருக்கிறாள், அவளாக இறங்கினால்தான் உண்டு என்று காத்திருந்த காலம் நம் பாட்டிகளின் காலம். 1796-இல் ஜென்னர் போட்ட ஊசியிலிருந்து ஆரம்பித்து, ஊர் ஊராகப் போய்த் தேடித் தேடி ஊசி போட்டு, 1980-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது. விதிப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் அடிக்கப்பட்டது. கையால் மலம் அள்ளும் வேலை ஒரு சமூகத்தின் தலையெழுத்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். அது குற்றம் என்று 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் அதைவிட விரிவான சட்டமும் வந்தன. சட்டம் வந்தும் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை என்பது வெட்கக்கேடு. ஆனால் இன்று அந்தச் சாவை விதி என்று எழுதிவிட்டு ஓர் அதிகாரி தப்பிக்க முடியாது. விதி என்ற பட்டியலிலிருந்து குற்றம் என்ற பட்டியலுக்கு ஒன்றை மாற்றியது, அடிப்படையில், தத்துவ வேலை. அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவவாதி ஜான் டூயியிடம் படித்துவிட்டு வந்து செய்ததில் பெரும்பங்கு இந்த வேலைதான். சட்டம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால், கட்டாயம் புத்தகத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பிரான்ஸில் பொதுக்கல்விப் பிரிவில் பள்ளியின் கடைசி வருஷத்தில் தத்துவம் கட்டாயப் பாடம். பரீட்சையில் ஒரே ஒரு கேள்விக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. நம் பள்ளிகளில் அது இல்லை, சீக்கிரம் வரும் அறிகுறியும் இல்லை. அதனால் வீட்டில் இருப்பதை வைத்துத் தொடங்க வேண்டியதுதான். வீட்டில் இருப்பவை பழமொழிகள், குறள்கள், பெரியவர்கள் வாக்கு, குழந்தைகளின் கேள்விகள். இவற்றில் இரண்டு மோதும் இடத்தில் நின்றுவிடுங்கள். "பதறாத காரியம் சிதறாது" என்று ஒரு மாமா சொல்வார், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று இன்னொரு மாமா சொல்வார். இரண்டும் எப்போதும் சரியாக இருக்க முடியாது. எந்தச் சமயத்தில் எது, ஏன் என்று கேட்டால் அந்தப் பேச்சு தானாகவே தத்துவமாகிவிடும். குழந்தை "தாத்தா செத்துப்போனா எங்க போவாரு?" என்று கேட்டால் வாயை அடைக்காமல், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு அவசரம் இல்லை. வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம் என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

படிக்க நேரம் கிடைக்கிறவர்களுக்கு மூன்று சின்ன விஷயங்கள். குறளில் 38-ஆம் அதிகாரத்தையும் 62-ஆம் அதிகாரத்தையும் உரையே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மூச்சில் படியுங்கள். உரையை அப்புறம் பாருங்கள், முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக. புறநானூறு 192-ஐ முதல் வரியோடு விடாமல் கடைசி வரை படியுங்கள். எபிக்டீட்டஸின் கையேடு ஐம்பத்து மூன்று சிறு பகுதிகள், சில பகுதிகள் நாலைந்து வரிதான். பஸ்ஸில் போகும்போது ஒன்று படிக்கலாம். படித்ததை ஒத்துக்கொள்ளாத ஒருவரிடம், அண்ணனோ, அலுவலக நண்பரோ, மாமியாரோ, பேசிப் பாருங்கள். தனியாகப் படிக்கும்போது சரியாகத் தோன்றிய வாதங்களில் பாதிக்கு மேல் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே ஆடும். எந்த இடத்தில் ஆடியது என்று குறித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து மேலே படியுங்கள்.